வண்டியோடு போன முகவரி

எங்கள் ஊரின் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டி, ஒரு புள்ளி வைத்து, 'இன்' என்று முடித்தால் இப்போது வீட்டுமனை விளம்பரம் வருகிறது. பச்சைப் புல்வெளி, வெள்ளைக் கம்பிக் கதவு, நடுவில் சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு குடும்பம். அந்தக் குடும்பம் எங்கள் ஊர்க்காரர்களே இல்லை, எந்த நாட்டிலோ எடுத்த படம். அதற்கு முன் ஏழு வருடம் அந்த முகவரியில் இருந்தது நானும் அண்ணனும் நடத்திய தளம். அது கைவிட்டுப் போனதற்குப் பல பேரைக் குறை சொல்லலாம். நானும் கொஞ்ச நாள் சொல்லித் திரிந்தேன். நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தால் என் அவசரம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். பெரியப்பாவிடம் அப்போது ஒரு ரிக் வண்டி இருந்தது. ஆழ்துளைக் கிணறு போடும் லாரியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் இடையில் எங்கள் ஊர். ஊரில் பாதிப் பேருக்கு ரிக்கில்தான் பிழைப்பு. வண்டி ஆந்திரா, சத்தீஸ்கர், ஒடிசா என்று வருடத்தில் முக்கால்வாசி வெளியில் கிடக்கும், மழை பிடித்தால்தான் ஊர் திரும்பும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயர்தான் வீட்டுக்கும். பள்ளியில் புது டீச்சர் வந்து "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டால் நான் அப்பா பெயரைச் சொன்னதில்லை, பெரியப்பா வண்டியின் பெயரைத்தான் சொல்லியிருக்கிறேன். டீச்சருக்கும் உடனே புரிந்துவிடும்.

வண்டியின் பக்கவாட்டில் பெயருக்குக் கீழே ஒரு ஃபோன் நம்பர், ஓரடி உயர எழுத்தில். மனிதர்கள் சிம் மாற்றுவார்கள், வண்டியின் ஃபோன் மாறவே மாறாது. போன வருடம் கிணறு போட்ட ஊரில் யாரோ ஒரு விவசாயி மோட்டார் அறைச் சுவரில் அந்த நம்பரைக் கரித்துண்டால் எழுதி வைத்திருப்பார், இந்த வருடம் தம்பி தோட்டத்துக்குக் கூப்பிடுவார். அதனால் வண்டியை விற்கும்போது பெயரும் நம்பரும் சேர்ந்தே கைமாறும். விற்றவர் அதற்குப் பிறகு அந்தப் பெயரையோ நம்பரையோ தொடமாட்டார். எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது, தொழிலில் அப்படித்தான்.

முகவரியைப் பதிவு செய்தபோது நான் பிளஸ் டூ, அண்ணன் கல்லூரி இரண்டாம் வருடம். அவனுடைய லேப்டாப்பில் படிவம் திறந்திருந்தது. பதிவு செய்பவர் பெயர் என்ற கட்டத்தில் வண்டிப் பெயரைத் தட்டினான். ஃபோன் கட்டத்தில் வண்டி நம்பரைத் தட்டினான்.

"உன்ற பேரப் போடலாமல்லோ?" என்றேன்.

"என்ற பேரு எவனுக்குத் தெரியும்? வண்டிப் பேரப் போட்டா ஒரிசா வரைக்கும் தெரியும்."

"நம்பரு?"

"நாம மாசத்துக்கு ஒரு சிம்மு மாத்தறோம். வண்டி நம்பருன்னா அப்பிடியே கெடக்கும் பாரு."

பெரிய புத்திசாலித்தனம் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம். அதற்கென்றே ஒரு மின்னஞ்சலும் தொடங்கினான். கடவுச்சொல் மறந்தால் எங்கே சேதி அனுப்பலாம் என்று அதுவும் கேட்டது. அதற்கும் வண்டி நம்பர்தான்.

தளத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. பேருந்து நேரம், மின்தடை நாள், ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியல், தேர்த் திருவிழாப் படங்கள். அண்ணன் படிப்பு முடிந்து ரிக் கம்பெனி ஒன்றோடு ஆப்பிரிக்கா போய்விட்டான். பெரியப்பா இடுப்பு வலி தாங்காமல் வண்டியைத் திருச்செங்கோட்டுக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். பெயரும் நம்பரும் வண்டியோடு போயின. வழக்கம்தானே, எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை. நான் கல்லூரி முடித்து, பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டு, மிச்ச நேரம் முழுக்கத் தளத்தில்தான் கிடந்தேன். எதையாவது சேர்ப்பேன், எதையாவது மாற்றுவேன். சும்மா இருக்கத் தெரியாது எனக்கு.

அப்படி ஒரு மத்தியானம்தான் அந்த அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை, பண்ணைச் சீருடையோடே வந்திருந்தார். அவருடைய கணவர் வேறொரு வண்டியில் டிரில்லர், துளை போடும் மெஷினை ஓட்டுபவர். மழைக்கு வேலை நின்று, நான்கு பேரோடு ரயிலில் ஊர் திரும்பும்போது ஆந்திராவில் ஒரு ஜங்ஷனில் இறங்கியிருக்கிறார். ஏறுவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. பையும் ஃபோனும் ரயிலோடு வந்து சேர்ந்தன, அவர் வரவில்லை. அடுத்த ரயிலில் வந்துவிடுவார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நான் சந்தித்த நாளில் அக்கா எட்டு மாதமாக அடுத்த ரயிலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

ரயில்வே போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு முறை அந்த ஜங்ஷனுக்கே போய் வந்திருந்தார். படம் போட்ட நோட்டீஸ் அடித்து, தன் ஃபோன் நம்பரைப் போட்டு ஒட்டியிருந்தார். அங்கேதான் சிக்கல். இந்தியிலும் தெலுங்கிலும் யார் யாரோ கூப்பிட்டார்கள், இவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. தமிழ் பேசிய ஒருவன், அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொல்லிப் பணம் பிடுங்கிக்கொண்டான்.

"உங்க கம்ப்யூட்டர்ல போட்டா நாலு எடத்துக்குத் தெரியுமுன்னு சொன்னாங்க சாமி."

எனக்கு அப்போதே கை பரபரத்தது. இரண்டே நாளில் ஒரு பக்கம் தயார். அக்கா கணவரின் படம், உயரம், இடது புருவத்துத் தழும்பு, கடைசியாகப் போட்டிருந்த சட்டை. தமிழ், இந்தி, தெலுங்கு, ஒடியா. கீழே ஒரு படிவம், யார் பார்த்தாலும் அவரவர் மொழியில் எழுதலாம், படமும் அனுப்பலாம். எனக்கு வந்துவிடும், மொழிபெயர்த்து அக்காவிடம் சொல்லிவிடுவேன்.

"நோட்டீஸ்ல ஃபோன் நம்பரே வேண்டாங்க்கா. இந்த முகவரி மட்டும் போதும்."

"நம்பரு இல்லாம எப்பிடிங் சாமி?"

"நம்பர் மாறிப்போகும். ஏமாத்தறவங்க கூப்பிடுவாங்க. இது ஊர்ப் பேருங்க்கா. ஊர்ப் பேரு எங்க போயிரும்?"

நான்தான் சொன்னேன். இதே வாயால் சொன்னேன்.

அடுத்த மழைக்காலம் முடிந்து வண்டிகள் கிளம்பியபோது அக்கா தினமும் பண்ணை வேலை முடிந்ததும் பைபாஸ் பெட்ரோல் பங்கில் போய் நின்றார். டீசல் போட வரும் ஒவ்வொரு ரிக் வண்டியின் பின்பக்கத்திலும் கணவர் படமும் எங்கள் முகவரியும் உள்ள ஸ்டிக்கரைத் தன் கையாலேயே ஒட்டினார். போகிற வழியில் டீக்கடையில், ஸ்டேஷனில் ஒட்டச் சொல்லி டிரைவரிடம் ஒரு கட்டும் கொடுத்தார். முதல் வாரம் நானும் கூட நின்றேன்.

"அக்கா, எங்க மொகத்த இப்பிடி ஒட்டுனாலும் எங்க ஊட்டுல ஒருத்தியும் தேட மாட்டா" என்றார் ஒரு டிரைவர்.

"நீ மொதல்ல ஊட்டுக்கு ஒழுங்கா ஃபோனு பண்ணு சாமி, தேடறாளா இல்லியான்னு தெரியும்" என்றார் அக்கா. பங்கில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் தேய்த்து அழுத்திக்கொண்டே சிரித்தார்.

ஒன்றரை வருடத்தில் நான்கு சேதி வந்தது. மூன்று ஒன்றுமில்லாதவை. நான்காவது ஒரு படம். கோயில் படிக்கட்டில் தாடியோடு ஒருவர். தெலங்கானாவிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் அனுப்பியிருந்தார். அக்காவைக் கூப்பிட்டேன், பண்ணையிலிருந்து அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். ஸ்கிரீனை வெகுநேரம் பார்த்தார். நான் பெரிதாக்கிக் காட்டினேன்.

"இல்லீங். காது வேற. அவருக்குக் காது மடல் ஒட்டியிருக்கும்." கொஞ்ச நேரம் கழித்து, "இந்த ஆளும் யாரு ஊட்டு ஆளோ. அந்த வாத்தியாருக்கு நல்லாருங்கன்னு எழுதிப்போடு சாமி" என்றார்.

எழுதினேன். அந்த மனிதரை வேறொரு குடும்பம் வந்து கூட்டிப் போனது என்று பிறகு பதில் வந்தது. அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இது வேலை செய்கிறது, பார், வேலை செய்கிறது என்று அண்ணனுக்கு ஃபோன் செய்து கத்தினேன்.

முகவரிக்கு வருடாவருடம் கட்டணம் உண்டு. அது அண்ணனின் வங்கி அட்டையிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த அட்டை காலாவதியானது அவனுக்கே தெரியாது. வேறு எதற்கோ தேடிக்கொண்டிருந்தபோது எங்கள் முகவரிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது என்று பார்த்தேன். தளத்தின் பக்கங்கள் எல்லாம் என் கையில் இருந்தன, ஆனால் முகவரி அண்ணன் திறந்த கணக்கில் இருந்தது. ஃபோன் போட்டேன்.

"பாஸ்வேர்டா? அது அந்தப் பழைய லேப்டாப்போட போச்சு."

"மறந்துட்டேன்னு போட்டா ஓடிபி எங்க வரும்?"

 பின்னால் கம்ப்ரசர் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அண்ணா?"

"வண்டி நம்பருக்கு" என்றான்.

 அப்புறம் அவன்தான் சொன்னான். "ஒன்னும் அவசரப்படாத. வாங்குனவரு ஊட்டுக்கு நேர்ல போ. அப்பாவக் கூட்டிக்கிட்டுப் போ. அவுரு நல்ல மனுசன், சொன்னாக் கேப்பாரு. நீயா ஃபோன்ல எதும் பேசாத, கேட்டுதா?"

கேட்டது. பெரியப்பா பழனிக்குப் போயிருந்தார், வர இரண்டு நாள் ஆகும். பன்னிரண்டு நாளில் இரண்டு நாள் ஒன்றுமே இல்லை. இப்போது தெரிகிறது. அப்போது நெருப்பு மேல் நிற்பதுபோல இருந்தது எனக்கு. மாலைக்குள் வண்டி நம்பரை அழுத்திவிட்டேன்.

டிரைவர் எடுத்தார். வண்டி ஒடிசாவில் நின்றது. ஊர்ப் பெயர், இணைய முகவரி, அண்ணன், ஆப்பிரிக்கா என்று மூச்சு விடாமல் சொன்னேன். "ஒன்னும் வெளங்குலீங்" என்றார். நான் அதற்குள் ஓடிபி அனுப்பும் பொத்தானை அழுத்தியிருந்தேன். அது பத்து நிமிடம்தான் உயிரோடு இருக்கும். அந்தப் பதற்றத்தில் என் வாயிலிருந்து வந்தது இது: "சிம் கம்பெனியில இருந்து பேசறோம்ங்க. உங்க நம்பருக்கு ஆறு இலக்கம் வந்திருக்கும், அதைச் சொல்லுங்க. இல்லைன்னா சிம் நின்னுபோகும்."



"ஏனுங் அம்முணி, முன்னால இணையமுன்னீங், இப்ப சிம்முங்கறீங். இப்பிடிப் பேசித்தான் என்ற மச்சானோட அக்கவுண்ட வழிச்செடுத்தீங்ளா? படிச்ச புள்ளையாட்டப் பேசறீங், வேற பொழப்புக் கெடைக்கலீங்ளா?"

வைத்துவிட்டார். வைத்த கையோடு, வந்த குறுஞ்செய்தியைப் படம் பிடித்து முதலாளிக்கு அனுப்பியிருக்கிறார். அதில் எங்கள் ஊர்ப் பெயரும் புள்ளியும் 'இன்'னும் தெளிவாக இருந்தது. முதலாளி தன் மருமகனிடம் காட்டினார். மருமகன் எங்கள் ஊரை ஒட்டி மனைப்பிரிவு போட்டிருந்தார். ஊர்ப் பெயரில் முகவரி கிடைக்குமா என்று ஏற்கெனவே தேடி, யாரோ வைத்திருக்கிறார்கள் என்று விட்டவர். இரவுக்குள் அவரே 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று போட்டார். ஓடிபி அவர்கள் நம்பருக்கே வந்தது, டிரைவர் படித்துச் சொன்னார். கட்டணத்தையும் அவரே கட்டிவிட்டார். கணக்கைத் திறந்ததும் உள்ளே இருந்தது வண்டியின் பெயர். அவர்களுடைய வண்டியின் பெயர்.

பெரியப்பா வந்ததும் கூட்டிக்கொண்டு திருச்செங்கோடு போனேன். போகிற வழியில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டிரைவரிடம் சொன்ன பொய்யைத் தவிர.

வாங்கியவர் வாசலுக்கே வந்து பெரியப்பாவின் கையைப் பிடித்து அழைத்துப் போனார். காபி வந்தது. மருமகன் ஓரமாக நின்றார், நாற்பது வயதிருக்கும், மரியாதையானவர்.

"ஏனுங்ணா, நான் ஒன்னே ஒன்னு கேக்கறனுங்" என்றார் வாங்கியவர். "வண்டி குடுத்தீங். பேரு குடுத்தீங். நம்பரு குடுத்தீங். எல்லாஞ் சேத்தித்தானுங் பேசுனம்?"

"ஆமாங்."

"இது அந்தப் பேருல, அந்த நம்பருல இருந்துதுங். அப்ப இதும் வண்டியோடதுதானுங்?"

"அது எப்படிங்க?" என்று நான் பாய்ந்தேன். "ஏழு வருசமா நாங்க நடத்தறோம். ஒவ்வொரு பக்கமும் நான் எழுதுனது. வண்டிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ஊர்ப் பேரு ஊருக்குத்தானே..."

"நீ சித்த சும்மா இரு சாமி" என்றார் பெரியப்பா.

வாங்கியவர் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் மோசம். "அம்முணி, நீங்க நேரா இங்க வந்து, இப்பிடிங்க, ஒரு நம்பரு வருமுங்க, சொல்லுங்கன்னு கேட்டிருந்தா, டிரைவருக்கு ஃபோனப் போட்டு நானே கேட்டுச் சொல்லியிருப்பேன். என்ற டிரைவருகிட்டப் போயிச் சிம்மு கம்பெனிக்காரின்னு சொன்னீங்ளாமா? அவன் இன்னும் கேக்கறான், போலீசுல குடுக்கலாமுங்ளா மொதலாளின்னு. உங்க நம்பரப் பாத்து அண்ணன் ஊட்டுப் புள்ளைன்னு தெரிஞ்சுட்டு நாந்தான் வேண்டாமுன்னு நிறுத்தி வெச்சிருக்கறேன்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். காபி டம்ளரைக் கீழே வைத்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் என்னை அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.

"தப்புத்தானுங்" என்றார் அவரிடம். "குடுத்ததுக்கு மேல கை வெக்கறது நம்ம தொழில்ல இல்லீங். பேரும் நம்பரும் உங்குளுது. அதுல என்ன இருந்தாலும் உங்குளுது."

எழுந்துவிட்டார். நான் எழவில்லை. அக்காவைப் பற்றிச் சொன்னேன். ஸ்டிக்கர், ஜங்ஷன், தெலங்கானா வாத்தியார், எல்லாம். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. வாங்கியவர் மருமகனைப் பார்த்தார்.

"அதுக்கென்னுங், ஓரமாப் போட்டுரலாமுங்" என்றார் மருமகன். "பாவந்தானுங்."

சொன்னபடி போட்டார். சிரிக்கும் குடும்பத்துக்கும் மனை வரைபடத்துக்கும் கீழே, அக்காவின் கணவர் படமும் என் புதுப் பக்கத்துக்கு ஓர் இணைப்பும். நான் ஒரே மணி நேரத்தில் வேறொரு முகவரி வாங்கி, பழைய பக்கங்களை எல்லாம் அதில் ஏற்றியிருந்தேன். ஆனால் அந்தப் புது முகவரி எந்த வண்டியின் பின்னாலும் இல்லை.

ஒரு மாதம் கழித்துப் படம் இல்லை. ஃபோன் செய்தேன்.

"தப்பா நெனைக்காதீங்" என்றார் மருமகன். "மனை பாக்க வாரவங்க, வந்தொடனே காணாமப் போனவரு மொகத்தப் பாக்கறாங்க. ஒரு அம்மா அட்வான்ஸ் குடுக்க வந்து, இதப் பாத்துப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. புது ஊடு கட்டறவங்களுக்கு மனசு ஒப்பலீங்."

என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. எங்கள் வீட்டிலேயே அப்படித்தான் நினைப்பார்கள்.

பதிவுக் கம்பெனிக்கு எழுதினேன். பதிவு செய்தவர் பெயருக்குச் சான்று கேட்டார்கள். அந்தப் பெயருக்கு இருக்கும் காகிதங்கள் எல்லாம் இப்போது திருச்செங்கோட்டில். அண்ணன் பெயரோ என் பெயரோ அந்தப் படிவத்தில் எங்குமே இல்லை. இப்படி முகவரிச் சண்டையை விசாரிக்க மேலே ஓர் ஏற்பாடு இருக்கிறது, அதற்கும் எழுதினேன். அந்தப் பெயர் எங்கள் வியாபாரப் பெயர் என்று காட்ட வேண்டுமாம். ஊர்ப் பெயரை வியாபாரப் பெயர் என்று எப்படிக் காட்டுவது? அங்கே ஊர் ஒரு தரப்பே இல்லை. இரவும் பகலும் சட்டம் படித்தேன், கடைசியில் படிக்க ஒன்றும் மிச்சமில்லாமல் நின்றுவிட்டேன்.

அக்காவிடம் நான் சொல்லவில்லை. "கொஞ்சம் ரிப்பேர் நடக்குதுங்க்கா" என்றேன். டிரைவர்களுக்கு ஃபோன் செய்து ஸ்டிக்கரைக் கிழிக்கச் சொன்னேன், புதிது அடித்துக் கூரியரில் அனுப்பினேன். பாதிப் பேர் செய்தார்கள். மீதி வண்டிகள் எந்த மாநிலத்தில் எந்தக் காட்டில் நிற்கின்றன என்று அவற்றின் முதலாளிகளுக்கே தெரியாது. அக்கா வாரம் தவறாமல் கூப்பிடுவார்.

"ஏதாச்சும் வந்துதுங்ளா சாமி?"

"இல்லீங்க்கா."

நான்கு மாதம் இப்படியே போனது. எனக்கு எதுவும் வரவில்லை என்பது உண்மைதான். அதைச் சொல்லிச் சொல்லியே என்னை நான் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மழை பிடித்து வண்டிகள் திரும்பின. ஒரு டிரைவர் பங்கில் அக்காவைப் பார்த்துச் சொல்லிவிட்டார்: "என்னக்கா, அந்த அட்ரசுல மனை விக்கறாங்க, நீங்க அதப் போயி ஒட்டச் சொல்லியிருக்கறீங்?" அக்கா நேராக என்னிடம் வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், இந்த முறை பொய்யையும் சேர்த்து. ஏசுவார் என்று காத்திருந்தேன்.  எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப இத்தன நாளா எழுதுனவங்க ஆருக்கு எழுதியிருப்பாங்க?"

சட்டம் படித்தேன், கம்பெனிக்கு எழுதினேன், இரவெல்லாம் விழித்தேன். இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

மறுநாள் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மனை ஆபீசுக்குப் போனேன். நாமக்கல் ரோட்டில் மாடியில் ஒரு ஏசி அறை. மேசையில் ஒரு பெண் இருந்தாள், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். தளத்தில் போட்டிருக்கும் நம்பருக்கு வரும் மெசேஜ்களைப் பார்ப்பது அவள்தான்.

"இந்தியில, தெலுங்குல ஏதாவது வந்ததாங்க?" என்று கேட்டேன்.

"அப்பப்ப வருமுங்க. லோன் வேணுமா, பார்ட் டைம் வேலை வேணுமான்னு. வந்தொடனே அழிச்சிருவனுங்" என்றவள், கொஞ்சம் யோசித்தாள். "ஒருக்கா மட்டும் ஒரு போட்டோ வந்துதுங்."

அக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு ஆளோட போட்டோங். கீழ இந்தியில நாலஞ்சு வரி. ரெண்டு நாள் கழிச்சு மறுக்காவும் அதே போட்டோ. ஆரோ காசு கேக்கறாங்கன்னு நெனச்சனுங். அழிச்சுப்போட்டேன்."

ஃபோனை வாங்கினேன். தேடினேன். அழித்தவை இருக்கும் இடம், சேமித்து வைக்கும் இடம், தடுத்த நம்பர்கள், எனக்குத் தெரிந்த ஒவ்வொரு மூலையும். போன மாதம்தான் ஆபீஸ் ஃபோனை மாற்றியிருக்கிறார்கள், பழையதைக் கடையில் கொடுத்துவிட்டார்கள். கடைக்கு ஃபோன் போட்டேன். அதைத் துடைத்து விற்றாயிற்று என்றார்கள். எப்போதும் எனக்கு ஏதாவது ஒரு வழி தெரியும். அன்று தெரியவில்லை.

அதற்குள் அக்கா பையிலிருந்து ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து அந்தப் பெண் முன்னால் வைத்திருந்தார்.

"இவராட்ட இருந்தாருங்ளா சாமி?"

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "சொல்லத் தெரியலீங்க்கா. தாடி நெறைய இருந்துது. நான் சரியாவே பாக்கலீங். மன்னிச்சிருங்க்கா."

"அளுவாத சாமி. நீ என்ன பண்ணுவ." அக்கா அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். "படுத்துட்டு இருந்தாருங்ளா? அது மட்டும் சொல்லு."

"இல்லீங். உக்காந்திருந்தாருங். கயித்துக் கட்டல்ல."

"ஆஸ்பத்திரியாட்டவா?"

"இல்லீங்க்கா. ஊட்டு வாசலாட்ட. பின்னால ஒரு எருமை கட்டியிருந்துதுங், அது நாவகம் இருக்குது."

திரும்பி வரும்போது அக்கா வழியெல்லாம் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தார். கட்டில் என்றால் யாரோ வீட்டில் வைத்திருக்கிறார்கள். எருமை என்றால் பாலுக்குக் குறைச்சல் இருக்காது. இரண்டு தடவை அனுப்பினார்கள் என்றால் நல்ல மனுசர்கள். இன்னொரு தடவையும் அனுப்பாமலா போய்விடுவார்கள்? அது வேறு யாராகவும் இருக்கலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. பதில் வராத இடத்துக்கு மூன்றாவது முறையும் யார் எழுதுவார்கள் என்பதையும் சொல்லவில்லை. ஹெல்மெட்டுக்குள் காற்று இரைவதால் காது கேட்காததுபோல ஓட்டிக்கொண்டு வந்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும், பண்ணையில் மாற்று ஆள் வந்ததும், அக்காவை அந்த ஆபீசுக்குக் கூட்டிப் போகிறேன். மனை பார்க்க வருபவர்களுக்குப் போட்டிருக்கும் நாற்காலியில் அரை மணி நேரம் உட்காருவார். அந்தப் பெண் அந்த வாரம் வந்ததை எல்லாம் அழிக்காமல் வைத்திருந்து ஒவ்வொன்றாகக் காட்டுவாளாம், லோன் விளம்பரம் உட்பட. நான் மேலே போவதில்லை. கீழே ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்திருப்பேன். அவர் படியிறங்கும் சத்தத்தை வைத்தே எனக்குத் தெரிந்துவிடும்.